கண்டனீங்களோ?

ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் அந்த நோர்வேஜிய மூதாட்டியோடு தனியாக அகப்பட யாரும் விரும்புவதில்லை. அவர் பொல்லாதவர் அல்ல. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் லிஃப்ட்டுக்குள் மனிதர்கள் ஒப்புக்குச் சொல்லும் சின்ன விஷயங்களைக்கூட அவரிடம் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. “வெளியில் ஒரே வழுக்கல்” என்று யாராவது சொன்னால், தலையைக் கொஞ்சம் சரித்து, “சோ டூ டெ?” என்பார். நீ கண்டாயா என்று அர்த்தம். நீயே நடந்து பார்த்தாயா, யாரும் சொன்னார்களா, இல்லை ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு ஊகிக்கிறாயா? பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பத்தாம் மாடி வருவதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு ‘சோடூடெ’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். “மாமா, சோடூடெ கீழ நிக்கிறா, நான் படியால போறன்” என்பாள் என் அக்காவின் மகள்.

நான் மொழிபெயர்ப்பாளன். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், தஞ்சம் கேட்டு வந்தவர்களின் விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும் போய், இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவருடைய வாயாக மற்றவருக்குப் பேசுவது என் தொழில். ஒருநாள் மன்னாரில் இருக்கும் சித்தப்பாவோடு ஃபோனில் கதைத்துக்கொண்டே லிஃப்ட்டில் ஏறினேன். ஊரில் யார் காணி விற்றார், யாருடைய மகள் யாரோடு போனாள் என்று அவர் சொல்ல, நானும் “வித்துப்போட்டாராமோ, சொல்லாமலே போட்டாளாமோ” என்று ஈடுகொடுத்துக்கொண்டிருந்தேன். கதைத்து முடியும்வரை மூதாட்டி மூலையில் பேசாமல் நின்றார்.

“உன் சொற்களின் வாலில் ஒன்று வந்து வந்து ஒட்டுகிறது” என்றார் நோர்வேஜிய மொழியில். “ஆம், ஆம் என்று. அது என்ன?”

சொன்னேன். வந்தான் என்றால் வந்தான். வந்தானாம் என்றால் வந்ததாக யாரோ சொல்கிறார்கள். நான் காணவில்லை. பொறுப்பு எனக்கில்லை.

லிஃப்ட் பத்தாம் மாடியில் நின்று, கதவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. அவர் இறங்கவில்லை.

“இத்தனை வருஷமாக உங்கள் ஆட்களோடு ஏறி இறங்குகிறேன். ஒருவரும் இதை எனக்குச் சொல்லவில்லையே” என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. இதை நான் கண்டேன்.

அதற்குப் பிறகு அவருடைய வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினேன். பனி கொட்டும் மாதத்திலும் அந்த வீடு அடுப்பு மாதிரிச் சுடும். வரவேற்பறையில் கட்டில் இருக்கவேண்டிய இடத்தில் சுவருக்குச் சுவர் ஆள் படுக்கும் வலை ஏணை ஒன்று கட்டியிருந்தது. பக்கத்து ரொம்மனில் உள்ள தமிழ்க்கடையில் உறைந்த மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்து, துருவி, பிழிந்து, தட்டையான ரொட்டியாகச் சுட்டுத் தின்பார். கடைக்காரர் என்னிடம், “அந்த மனுசி மரவள்ளியை என்ன அண்ணை செய்யிறா? சம்பலும் வாங்கிறேல்லை, மீனும் வாங்கிறேல்லை” என்று கவலையோடு விசாரித்திருக்கிறார்.

இளம் வயதில் அவர் ஒரு மிஷனோடு தாதியாக அமேசன் காட்டுக்குப் போனவர். பிரேசிலின் வடக்கு எல்லையில், மலைகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றங்கரையில், யனோமாமி இன மக்களோடு தன் வாழ்வின் நல்ல பகுதியைக் கழித்திருக்கிறார். அந்த மக்களுக்கு ஒன்றுக்கொன்று உறவான பல மொழிகள் இருக்கின்றன. அவர் இருந்த பக்கத்தில் பேசுவது சனுமா. அந்த மொழியில் வினைச்சொல் சும்மா முடியாதாம். மழை பெய்தது என்று சொல்வதென்றால், அதை நீ கண்டாயா, காணாமல் ஊகித்துச் சொல்கிறாயா என்பதும் சேர்ந்தே வரவேண்டும். தமிழில் ‘ஆம்’ போட்டாலும் போடாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அங்கே அந்தத் துண்டு இல்லாமல் வாய் மூடாது.

“நோர்வேஜிய மொழி மிகவும் தாராளமானது” என்பார். “எதைச் சொன்னாலும் வாக்கியம் தானாக முடிந்துவிடும். திரும்பி வந்த முதல் வருஷம் எனக்கு எல்லோரும் பொய் சொல்வது போலவே இருந்தது. தபால்காரன்கூட.”

அவர் வாயில் சனுமாவை நான் கேட்டிருக்கிறேன். மூக்கால் வரும் உயிரெழுத்துகள், சின்னச் சின்னச் சொற்கள், திடீரென்று ஒரு நீண்ட இழுவை. ஒஸ்லோவில் அதைப் பேச அவருக்கு ஒருவரும் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ ஒருவர் முன்பு வந்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போனாராம். அவரும் கேள்வி கேட்கத்தான் வந்தாரே தவிர, கதைக்க வரவில்லை.

கண்டாயா என்று கேட்கும் இந்தக் குணத்தால் அவருக்கு நண்பர்கள் சேரவில்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் பழைய சாமான்கள் தீப்பிடித்தன. பெரிய சேதமில்லை, புகைதான். கட்டடக் கூட்டத்தில் எல்லாருடைய விரலும் மூன்றாம் மாடியில் இருந்த சோமாலிய டாக்ஸிச் சாரதியைக் காட்டியது. கீழே போய்ப் புகைப்பவர் அவர்தானாம். மூதாட்டி எழுந்து ஒவ்வொருவரிடமாகப் போனார். “சோ டூ டெ? நீ?” ஒருவர் மணம் அடித்தது என்றார். இன்னொருவர் மனைவி சொன்னாள் என்றார். அந்த மனைவியோ, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்றாள். வரிசை முடியும்போது ஒருவரும் எதையும் காணவில்லை என்று ஆயிற்று. கூட்டம் கலைந்தது.

டாக்ஸிச் சாரதி வாசலில் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். “நான் செய்யவில்லை என்று உங்களுக்காவது தெரிகிறதே” என்றார்.

“எனக்குத் தெரியாது” என்றார் மூதாட்டி. “நீ செய்யாததையும் நான் காணவில்லை.”

அந்த மனிதர் பிடித்த கையை விட்டுவிட்டார். பிறகு மூதாட்டியைக் கண்டாலே படியால் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

என் அக்கா மட்டும் அவருக்குப் பயப்படவில்லை. அக்கா என்னோடுதான் இருந்தாள். கடைசி யுத்தத்தில் வன்னியிலிருந்து கைக்குழந்தையோடு எப்படியோ வெளியே வந்து, படகில் இந்தியா போய், அங்கே அகதி முகாமில் சில காலம் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். அத்தான் வரவில்லை. இவளையும் பிள்ளையையும் முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று நின்றவர். எல்லாம் முடிந்து, சரணடைந்தவர்களை ஆமி பஸ்களில் ஏற்றியபோது அவரும் ஒரு பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் மனப்பாடம். ஏறியது நீல நிறச் சட்டையோடு. ஜன்னலோரம் இருந்தார். எங்கோ ஒரு இரகசிய முகாமில் இருக்கிறார். அக்கா ஒருநாளும் அவருக்காக, செத்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கேட்டதில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இங்கே கூடும் இடமெல்லாம் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு குளிரில் நிற்பாள்.

அக்காவின் நோர்வேஜிய மொழி குழந்தைகள் காப்பகத்துச் சமையலறைக்குப் போதுமானது. மூதாட்டியோடு கதைக்க அது காணாது. ஆனாலும் வடையோ ரோல்ஸோ எடுத்துக்கொண்டு மேலே போவாள். தமிழ்ச் சொற்களை இவளிடமிருந்துதான் அவர் பொறுக்கினார். போ, வா, சாப்பிடு எல்லாம் அவருக்கு வேண்டாம். “கண்டனான், கண்டனீங்கள், காணேல்லை” என்று அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்.

ஒருநாள் அக்கா அத்தானின் கதையைச் சொன்னாள். நான் நடுவில் இருந்தேன். “பஸ்ஸில ஏத்தினவங்கள்” என்றாள். நான் மொழிபெயர்த்தேன். மூதாட்டி தலையைச் சரித்தார்.

“சோ டூ டெ?”

“நான் எங்க கண்டனான்? நான் அப்ப வெளியால வந்திட்டன். கண்டவையாம்.”

“இப்போது ‘ஆம்’ வந்தது” என்றார் மூதாட்டி என்னைப் பார்த்து. “முதலில் சொன்னபோது இருக்கவில்லை.”

நான் அதை மொழிபெயர்க்காமல் விட முடியாது. சொன்னேன். அக்கா வடைத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். “இவவுக்கு வேற வேலையில்லை” என்றாள். ஆனால் அடுத்த கிழமையும் போனாள்.

அக்காவின் மகளுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் என்ற சடங்கு நடந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டில் மதியச் சாப்பாடு. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமிலிருந்து அத்தானின் சிநேகிதர் ஒருவரும் வந்திருந்தார். அத்தானோடு ஒரே ஊர், கடைசிவரை வன்னியில் கூட இருந்தவர். பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர் இவர்தான். நோர்வேக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. அக்காவின் மகளுக்கு அவர் பெரியப்பா மாதிரி.

மூதாட்டியையும் அக்கா கூப்பிட்டிருந்தாள். ஜன்னலோரம் இருந்து புரியாணியை ஒவ்வொரு பருக்கையாகத் தின்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு நடுவில் யாரோ, “தகப்பன் இருந்து இதைப் பாக்கக் குடுத்துவைக்கேல்லையே” என்றார்கள். உடனே சிநேகிதர், “ஏன் அப்பிடிச் சொல்லுறியள்? வருவான். பஸ்ஸில ஏத்தினவங்களாம்...” என்று தொடங்கி, ஒரு கணம் நின்று, “ஏத்தினவங்கள். நீலச் சட்டை. ஜன்னல் பக்கம் இருந்தவன்” என்று முடித்தார்.

மூதாட்டி கரண்டியை வைத்தார். எல்லோருக்கும் விளங்கும் தமிழில், யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி கேட்பது போலக் கேட்டார்.

“கண்டனீங்களோ?”

சிலர் சிரித்தார்கள். வெள்ளைக்கார மனுசி தமிழ் கதைக்கிறா என்ற சிரிப்பு. சிநேகிதரும் சிரித்தார். “ஓம் அம்மா, கண்டனான்” என்றார்.

மூதாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. சிநேகிதர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்குப் போனார். வெளியே நல்ல வெயில். கீழே புல்வெளியில் பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். நானும் போனேன்.

“அண்ணை, சொல்லுங்கோ” என்றாள் அக்கா.

“என்னத்தைச் சொல்லுறது தங்கச்சி?”

“கண்டதைச் சொல்லுங்கோ.”

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “பஸ் வாறதுக்கு முதலே” என்றார். “பங்கருக்குப் பக்கத்தில செல் விழுந்தது. தண்ணி எடுக்கப் போனவன். நான் ஓடிப் போகேக்க உயிர் இல்லை.”

அக்கா பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

“நீங்கள் இந்தியா முகாமில இருந்து ஃபோன் எடுத்துக் கேக்கேக்க, கையில பிள்ளை அழுது கேட்டுது. எனக்கு வாய் வரேல்லை. பஸ்ஸில ஏத்தினவங்கள் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான். நீங்கள் பிறகும் பிறகும் அதையே கேட்டியள். நானும் அதையே சொன்னன்.”

“எங்க புதைச்சனீங்கள்?”

“தென்னம்பிள்ளையளுக்குக் கீழ. நானும் இன்னொருத்தரும்தான் தாட்டனாங்கள்.”

“முகம் மூடினனீங்களோ?”

“நான் உடுத்திருந்த சாரத்தால.”

அக்கா தலையாட்டினாள். அவள் அழுவாள், அவருடைய சட்டையைப் பிடிப்பாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் உள்ளே போய், கேக்கை வெட்டி, எல்லோருக்கும் பரிமாறினாள். மூதாட்டிக்கும் ஒரு துண்டு வைத்தாள். அவருடைய முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு மகளைக் கூப்பிட்டு அறைக்கதவைச் சாத்தினாள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மகள் அலறியது கேட்டது.

அடுத்த நாள் நான் பத்தாம் மாடிக்குப் போனேன். உட்காரவில்லை.

“நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம்” என்றேன்.

“இருந்திருக்கலாம்.”

“பின்னே ஏன் கேட்டீர்கள்?”

“அந்த மனிதர் வினைச்சொல்லில் தடுக்கினார். என் காதில் விழுந்தது” என்றார். பிறகு ஏணையின் விளிம்பில் இருந்துகொண்டு, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

ஒருமுறை அவர் விடுமுறைக்கு நகரத்துக்குப் போய், மிஷனின் சின்ன விமானத்தில் காட்டுக்குத் திரும்பியிருக்கிறார். தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. இருமல். இருமல் நிற்கும்வரை நகரத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு தாதிக்குத் தெரியாதா? விமானம் அன்றைக்குத்தான் கிடைத்தது. இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவந்து கழுத்தில் தொங்கினார்கள். சில நாளில் அந்தக் குடியிருப்பு முழுக்கக் காய்ச்சல். வெளியாரின் சளிக்காய்ச்சலை அறியாத உடம்புகள். நெஞ்சு அடைத்து, ஏணைகளிலேயே கிடந்து செத்தார்கள். அவர்கள் புதைப்பதில்லை, எரிப்பார்கள். அந்த மாதம் முழுவதும் புகை ஓயவில்லை.

“ஆற்றின் கீழ்ப்பக்கம் தங்கம் தோண்டுகிறவர்கள் இருந்தார்கள்” என்றார். “அவர்கள் ஆற்றைக் கெடுத்தார்கள், ஆட்களைச் சுட்டார்கள், எத்தனையோ நோயைக் கொண்டுவந்தார்கள். அதனால் எங்கள் மிஷன் இதையும் அவர்கள் தலையில் எழுதி நோர்வேக்கு அனுப்பியது. நானும் ஆமென் சொன்னேன். நோர்வேஜிய மொழியில் அது ஒரு அழகான வாக்கியம்.”

“பிறகு?”

“ஒரு தாய் வந்து கேட்டாள். பிள்ளைகளை எரித்துவிட்டு வந்திருந்தாள். யார் கொண்டுவந்தது என்று கேட்டாள். தோண்டுகிறவர்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். வினைச்சொல்வரைக்கும் வந்துவிட்டேன். முடிவு வரவில்லை. கண்டேன் என்று முடித்தால் பொய். காணவில்லை என்று முடித்தால், அப்படியென்றால் நீ கண்டது என்ன என்று கேட்பாள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.”

“என்ன சொன்னீர்கள்?”

“நான் இருமிக்கொண்டு வந்தேன் என்று சொன்னேன். கண்டவர் சொல்லும் முடிவைப் போட்டேன்.”

அவள் அடிக்கவில்லையாம். எழுந்து போனாளாம். கொஞ்ச நாளில், ஒரு காலையில் மூதாட்டி எழும்பியபோது அடுப்புகள் எல்லாம் ஆறிக் கிடந்தன. எல்லோரும் வீடுகளை விட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். எங்கே என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் நோர்வேக்குத் திரும்பினார்.

“உண்மையைச் சொன்னது உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா?” என்று கேட்டேன். கோபம் இன்னும் போகவில்லை.

“இல்லை” என்றார். “உன் அக்காவுக்கும் இருக்காது.”

அவரிடம் ஆறுதல் தேடிப் போனவர் யாராவது இருந்தால், அவருக்காக நான் பரிதாபப்படுகிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா பத்தாம் மாடிக்குப் போகவில்லை. தேவாலயத்தில் ஆட்கள் கதைத்தார்கள். “உயிரோட இருந்த மனுசனை அந்தக் கிழவி சாப்பாட்டு மேசையில வைச்சுச் சாக்கொண்டு போட்டா” என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. அக்கா சுவாமியாரிடம் போய் முதல் முறையாக அத்தானுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கேட்டாள். பூசைக்கு லில்லெஸ்ட்ரோம் சிநேகிதர் வந்து கடைசி வரிசையில் நின்றார். அக்கா அவரைத் திட்டவில்லை. ஆனால் அவர் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்காவின் மகள் அவரைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோருக்காகக் கூட்டம் ஒழுங்குசெய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். இதை வெளியே பெரிதாகக் கதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “நீங்கள் இப்பிடிச் சொன்னால் மற்றவையின்ர கேஸும் பிசகிப்போகும் அக்கா” என்றார்.

“மற்றவையின்ர ஆக்கள் ஏறினதைக் கண்டவை இருக்கினம். நானும் வந்து அவையோட நிப்பன்” என்றாள் அக்கா. “என்ர ஆள் ஏறேல்லை. அந்தப் படத்தை இனி நான் பிடிக்கமாட்டன்.”

பனி கரையும் நாள்களில் மூதாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. கட்டடக் காவலர் கதவைத் திறந்து பார்த்தபோது ஏணைக்குக் கீழே கிடந்தாராம். இது காவலர் சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். வலது பக்கம் அசையவில்லை. கூடவே நோர்வேஜிய மொழியும் போய்விட்டது. பேசினார், நாள் முழுக்கப் பேசினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. பிரேசிலில் இருந்தவர் என்று அறிந்து ஒரு போர்த்துக்கீச மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது என் மொழி இல்லை என்று போய்விட்டாள். பிறகு என்னைக் கேட்டார்கள். எனக்கு அந்த மொழியின் பெயர் மட்டும்தான் தெரியும்.

பேர்கன் நகரில் இருந்த, அவருடைய கூடப்பிறந்தவரின் மகளான பெறாமகள் மூலமாக ஒரு டாக்டரின் ஃபோன் இலக்கம் கிடைத்தது. பிரேசில்காரர், அதே ஆற்றங்கரையில் வேலை செய்தவர், இப்போது அவரும் கிழவர். ஒரு பின்னேரம் ஃபோனை மூதாட்டியின் தலையணையில் வைத்தேன். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அக்கா. அவர் இப்படிக் கிடக்கிறார் என்று வீட்டில் சொன்னபோது, அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

மூதாட்டி பேசிக்கொண்டே போனார். டாக்டர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் அவரும் சனுமாவில் ஏதோ சொன்னார். மூதாட்டி ஒரு கணம் நிறுத்தி, உதட்டை ஈரமாக்கிக்கொண்டு, மறுபடி தொடங்கினார். கடைசியில் டாக்டர் ஆங்கிலத்தில் என்னோடு பேசினார்.

“செத்தவர்களைச் சொல்கிறார்” என்றார். “பெயர் சொல்லவில்லை. இறந்தவரின் பெயரை அங்கே வாயால் சொல்லக்கூடாது. வாசல் ஓரத்து ஏணையில் கிடந்தவன், தாயின் கையில் இருந்த சின்னவள், தண்ணீர் கேட்ட கிழவன் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். எல்லாம் தன் கண்ணால் கண்டவர் சொல்லும் முடிவில்தான் சொல்கிறார்.”

“அது எனக்குத் தெரியும்” என்றேன். “அவர் அப்படித்தான்.”

“இன்னொன்று இருக்கிறது” என்றார் டாக்டர். “அந்த மொழியில் கண்டது எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கண்டதற்கு ஒரு முடிவு, அண்மையில் கண்டதற்கு ஒன்று, வெகுகாலத்துக்கு முன் கண்டதற்கு வேறொன்று. இது நடந்து எவ்வளவோ காலம். அவர் இன்றைக்கு என்கிற முடிவைப் போட்டுச் சொல்கிறார். இன்று காலையில் கண்டேன், இன்று காலையில் கண்டேன் என்று.”

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, மூதாட்டியின் அசையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அக்கா நேரே அங்கேதான் போவாள். ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. மூதாட்டி சனுமாவில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அக்கா தமிழில் பேசினாள். வன்னியால் வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். றோட்டோரத்தில் கிடந்தவர்களை, குழந்தையின் கண்ணைத் தான் பொத்திக்கொண்டு நடந்ததை, ஒரு கிழவி தன் காலைப் பிடித்துத் தண்ணீர் கேட்டதை, இவள் கையில் தண்ணீர் இல்லாததை. என்னிடம் ஒருநாளும் சொல்லாதவை. விசாரணையில் கேட்டபோதும் சொல்லாதவை. அவள் நிறுத்த, மூதாட்டி தொடங்கினார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

பராமரிப்புத் தாதி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். “இரண்டு பேரும் என்ன கதைக்கிறார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பாதி விளங்கியிருந்தது. நான் சொல்லவில்லை. வெளி நடைபாதையில் இருந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

சித்திரை மாதத்தில், நான் நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்கு நடுவில் இருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. இடைவேளையில் வெளியே வந்து திருப்பி எடுத்தேன்.

“மனுசி போயிட்டா தம்பி” என்றாள் அக்கா.

“எப்ப? ஆர் சொன்னது? இல்லத்தால ஃபோன் எடுத்தவையோ?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பக்கத்தில இருந்தனான். சரியாக் கஷ்டப்பட்டவ. மூச்சு இழுத்து இழுத்துத்தான் போனது. கண் திறந்திருந்தது, நான்தான் மூடினனான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவவின்ர பெறாமகள் வந்து கேட்டால், நித்திரையில போனவ எண்டு சொல்லிப்போடாதை.”